நாதஸ்வரம் வாசிப்பவருக்கு சைனஸ் லிஃப்ட்: எலும்புத் துகளைத் தேர்ந்தெடுத்த விதம்

நோயாளிக்கு வயது 57. தொழில் நாதஸ்வரம். கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துச் சிவன் கோயிலில் தினசரி வாசிப்பு, முகூர்த்த மாதங்களில் கல்யாணங்கள். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மேல்தாடையின் வலப்பக்கத்தில் இரண்டு பெரிய கடைவாய்ப்பற்களையும் எடுத்து எட்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவற்றுக்கு முன்னால் இருந்த சிறு கடைவாய்ப்பல் முந்தைய வருடம் வேரோடு உடைந்து போனது. கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று வைத்திருந்தார். சாப்பிடும்போது எப்படியோ சமாளித்துக்கொள்வார். வாசிக்க உட்கார்ந்தால் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கும்போது செட் நழுவுகிறது; கழற்றிவிட்டாலோ வலக் கன்னம் உள்ளே வாங்கிக் காற்று ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றார். ஆடாமல் நிற்கும் பல் வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்கு எலும்புக்குள் பொருத்தும் செயற்கை வேர், அதாவது இம்ப்ளாண்ட், வேண்டும். அதைத் தாங்க எலும்பு போதாதபோது, மேலே உள்ள சைனஸ் அறையின் சவ்வைத் தூக்கி அடியில் எலும்புத் துகளை நிரப்புவதுதான் சைனஸ் லிஃப்ட்.

சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையில் இருக்கிறார். முதலில் பார்த்தபோது எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 8.3. வெற்றிலை, சீவல், கூடவே பன்னீர்ப் புகையிலை. சிகரெட் கிடையாது. மூக்கடைப்பு, சளி, தலைபாரம் என்று அடிக்கடி வருவதில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்து, சைனஸ் வடியும் துவாரம் திறந்திருக்கிறது, அறுவைக்குத் தடை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அவர் வந்தது பங்குனியில். ஆடி வரைக்கும் கத்தியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த இடைவெளியில் சர்க்கரை 7.0-க்கு இறங்கியது. புகையிலையை அறுவைக்கு ஒன்றரை மாதம் முன்பே விட்டுவிட்டார். ஆடியைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்கேனில் தெரிந்தது

மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பற்களுக்கு நேர் மேலே, மேல்தாடை எலும்புக்குள் காற்று நிறைந்த அறைதான் மேல்தாடை சைனஸ். பல் இருக்கும்வரை அதன் வேர்கள் இந்த அறையின் தரையை ஒட்டி நிற்கும். பல் போனதும் இரண்டு பக்கமும் எலும்பு குறையும்: கீழே ஈறுக்குள் இருக்கும் எலும்பு விளிம்பு கரைகிறது, மேலே சைனஸ் தன் தரையைக் கீழ்நோக்கி இறக்கிக்கொள்கிறது. வருடக்கணக்கில் பல் இல்லாமல் விட்டவர்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய தட்டுதான் மிச்சம்.

தஞ்சாவூரில் எடுத்து வந்த சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேனில், முதல் பெரிய கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் எலும்பின் உயரம் 3.2 மி.மீ. இரண்டாவதில் 3.8 மி.மீ. சிறு கடைவாய்ப்பல் இடத்தில் 8 மி.மீ. அகலம் எல்லா இடத்திலும் 8 மி.மீ.க்குக் குறையவில்லை. சைனஸின் உட்சவ்வு 1 மி.மீ. அளவில், வீக்கம் இல்லாமல் இருந்தது. இரண்டு பெரிய கடைவாய்ப்பல் இடங்களுக்கும் நடுவே தரையிலிருந்து 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு எலும்புத் தடுப்பு. இந்தத் தடுப்புகளை 1910-லேயே அண்டர்வுட் என்பவர் விவரித்திருக்கிறார். சவ்வைத் தூக்கும்போது கிழிசல் பெரும்பாலும் இங்கேதான் வரும். வெளிச்சுவரில் ஓடும் ரத்தக்குழாய் எலும்பு விளிம்பிலிருந்து 17 மி.மீ. மேலே இருந்தது. நாங்கள் வெட்டப்போகும் இடத்துக்கு அது வெளியே.

8 மி.மீ. இருந்தால் விளிம்பு வழியாகவே கொஞ்சம் தூக்கி இம்ப்ளாண்ட் வைத்துவிடலாம். 3 மி.மீ.யில் அது நடக்காது. வெளிச்சுவரில் ஜன்னல் திறந்து, சவ்வைத் தூக்கி, அடியில் கிடைக்கும் இடத்தில் எலும்புத் துகளை நிரப்ப வேண்டும். டேட்டம் என்ற பல் மருத்துவர் 1976-ல் அமெரிக்காவின் அலபாமாவில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். பாய்ன், ஜேம்ஸ் என்ற மருத்துவர்கள் 1980-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். அன்றைக்கு வைத்தது நோயாளியின் இடுப்பெலும்பு. இம்ப்ளாண்டை அதே நாளில் வைப்பதா, எலும்பு இறுகிய பிறகு வைப்பதா என்ற கேள்வியும் இருந்தது. 4 மி.மீ.க்கும் குறைவான எலும்பில் இம்ப்ளாண்ட் அசையாமல் நிற்பது கஷ்டம். அதிலும் இவர் கன்னத்தை ஊதித் தொழில் செய்பவர். ஆகவே இரண்டு கட்டமாகச் செய்யத் திட்டமிட்டோம்.

எதை வைப்பது

இந்த நிகழ்வில் அதிக நேரம் எடுத்தது அறுவை அல்ல, இந்தப் பேச்சுதான்.

வழக்கமாக எங்கள் பக்கம் நடப்பது என்னவென்றால், "எலும்புப் பொடி வைக்கணும், இவ்வளவு ஆகும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை, நோயாளியும் கேட்பதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் மூலம் அச்சிட்டிருக்கும். அந்தப் பெட்டியை நோயாளி பார்ப்பதே இல்லை. இவர் கேட்டார். ஸ்கேன் படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, "டாக்டரம்மா, உள்ளே வெக்கிற பொடி எதுல செஞ்சது?" என்றார். கேட்காமல் இருந்திருந்தாலும் சொல்லியிருக்கத்தான் வேண்டும். டெல்டா மாவட்டங்களில் உட்கார்ந்துகொண்டு, மாட்டு எலும்பை ஒருவரின் முகத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டுச் சொல்லாமல் இருப்பது எந்தக் கணக்கிலும் நியாயம் கிடையாது.

நான்கு வகையையும் மேசைமேல் வைத்துப் பேசினோம்.

முதலாவது, அவருடைய சொந்த எலும்பு. உயிருள்ள செல்களும், எலும்பு வளரத் தூண்டும் புரதங்களும், வளர்ச்சிக்குச் சாரமாக நிற்கும் கனிமமும் மூன்றும் சேர்ந்து இருப்பது இதில் மட்டும்தான். பாடப்புத்தகத்தில் முதலிடம் இதற்கே. ஆனால் இரண்டு மி.லி. அளவுக்கு எலும்பு வேண்டுமென்றால் தாடையின் முன்பகுதியிலிருந்தோ கீழ்த்தாடையின் பின்பகுதியிலிருந்தோ எடுக்க வேண்டும். முகவாயிலிருந்து எடுத்தவர்களில் சிலருக்குக் கீழுதட்டிலோ முகவாயிலோ மரப்பு தங்கிவிடும். பின்பகுதியிலும் கீழ்த்தாடை நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. மற்றவர்களுக்கு இது ஒரு தொந்தரவு. நாதஸ்வரக்காரருக்கு இதுதான் பிழைப்பு: வாயில் வைத்து ஊதும் சீவாளியைக் கவ்வும் உதடு, அதன் அழுத்தத்தை நூலளவு கூட்டிக் குறைத்துத்தான் சுருதியையும் கமகத்தையும் பிடிக்கிறது. உதட்டில் உணர்ச்சி ஒரு பங்கு குறைந்தாலும் ஈடு செய்ய முடியாது. இதை நான் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். சொந்த எலும்பு மட்டும் வைத்தால் நாளடைவில் கணிசமாகக் கரைந்து உயரம் குறையும் என்பது தனிக் காரணம். ஜன்னல் வெட்டும் இடத்திலேயே சுரண்டிக் கிடைக்கும் கொஞ்சத்தை மட்டும் பயன்படுத்துவோம் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது, மனித எலும்பு வங்கியிலிருந்து வருவது. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் இயங்குகிறது. பதப்படுத்தி உறைய வைத்து உலர்த்தி, காமா கதிர்வீச்சில் கிருமி நீக்கித் தருகிறார்கள். இறந்தவரின் எலும்பு என்றதும் அவர் தயங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனைவிதான் முதலில் பேசினார்: "குடுத்தவங்க வீட்டுல சம்மதிச்சுக் குடுத்ததுதானே?" ஆமாம், தானமாகக் கொடுத்ததுதான் என்றேன். "அப்ப சரி" என்றார். கணவருக்கும் ஆட்சேபம் இல்லை. நான்தான் ஒதுக்கினேன். கனிமம் நீக்கிய வகை சைனஸ் போன்ற பெரிய இடத்தில் சீக்கிரம் கரைந்துவிடும். மூச்சுவிடும்போதெல்லாம் மேலிருந்து சவ்வு அழுத்துகிற இடத்தில், கரையாமல் தாங்கி நிற்கும் பொருள் பாதியாவது வேண்டும்.

மூன்றாவது, மாட்டு எலும்பு. புரதம் முழுவதையும் நீக்கி, கனிமக் கூட்டை மட்டும் விட்டு வைத்த துகள். சைனஸ் லிஃப்ட்டில் உலகம் முழுவதும் அதிகமாக ஆராயப்பட்டிருப்பது இதுதான். மிக மெதுவாகத்தான் கரையும். வருடங்கள் கழித்து எடுத்த மாதிரிகளிலும் துகள்கள் அப்படியே புது எலும்புக்குள் புதைந்து கிடக்கின்றன. உயரம் குறையாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான். மதக் காரணம் எதுவும் இல்லாத நோயாளிக்கு, சொந்த எலும்புச் சுரண்டலோடு கலந்து இதைத்தான் வைத்திருப்பேன். அதை அவரிடமும் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டு, "சாமிக்கு முன்னாடி நின்னு வாசிக்கிறவன். மாட்டெலும்ப மூஞ்சிக்குள்ள வெச்சுக்கிட்டு எனக்கு மனசு நிக்காது" என்றார். இதற்கு மேல் நான் வாதாடவில்லை. அதில் புரதமே இல்லை, வெறும் கனிமம்தான் என்று விளக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் அவர் கேட்டது வேதியியல் இல்லை. மூலம் எது என்பதுதான் அவருக்குக் கேள்வி. அதற்கான பதில் மாறப்போவதில்லை.

நான்காவது, செயற்கைத் துகள். ஹைட்ராக்சிஅபடைட்டும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டும் 60-க்கு 40 என்ற விகிதத்தில் கலந்தது. இரண்டுமே கால்சியம் பாஸ்பேட் வகைகள். விலங்கு மூலம் எதுவும் கிடையாது. டிரைகால்சியம் பாஸ்பேட் சில மாதங்களில் கரைந்து, ரத்தக்குழாய்களும் புது எலும்பும் நுழைய இடம் விடும். ஹைட்ராக்சிஅபடைட் வெகுகாலம் நின்று உயரத்தைத் தாங்கும். தனித்தனியாக வைத்தால் முன்னது வேகமாகப் போய்விடும், பின்னது போகவே போகாது, அதனால்தான் கலவை. இதற்கு எலும்பை உருவாக்கும் சக்தியோ தூண்டும் சக்தியோ இல்லை, சாரமாக மட்டும் நிற்கும். ஏறி வரும் செல்கள் அவருடைய எலும்புச் சுவரிலிருந்துதான் வர வேண்டும்.

அது போதுமா? இந்த இடத்தில் போதும் என்றுதான் நினைக்கிறேன். சைனஸ் தரை என்பது பக்கங்களில் எலும்புச் சுவர் சூழ்ந்த குழி. துகள் சிதறாது, ரத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வரும். வெளியே துருத்தி நிற்கும் விளிம்பில் எலும்பு வளர்ப்பதைவிட இது எவ்வளவோ சுலபம். 2008-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் இதே கலவையையும் மாட்டு எலும்பையும் சைனஸில் வைத்து ஆறு முதல் எட்டு மாதம் கழித்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். புது எலும்பின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய 20 சதவீதம்தான். மிச்சம் நின்ற துகள் மாட்டு எலும்பில் கூடுதல். செயற்கைத் துகள்களின் வெற்றி குறைவு என்று காட்டிய பழைய தொகுப்புகளும் உண்டு. அவற்றில் பலவகைப் பொருள்களும், வழவழப்பான மேற்பரப்புள்ள பழைய இம்ப்ளாண்டுகளும் கலந்திருக்கின்றன. சொரசொரப்பான மேற்பரப்பு வந்த பிறகு, எந்தத் துகள் என்பதைவிட எந்த இம்ப்ளாண்ட், நோயாளியின் சர்க்கரை எவ்வளவு, புகையிலை உண்டா என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பது என் அனுபவமும்.

அப்புறம், துகளோடு விஷயம் முடிந்துவிடவில்லை. மாட்டு எலும்பு வேண்டாம் என்றவருக்கு ஜன்னலை மூட மாட்டுக் கொலாஜன் சவ்வையோ பன்றிக் கொலாஜன் சவ்வையோ வைத்தால் என்ன அர்த்தம்? தட்டில் இருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தோம். ரத்தத்தை நிறுத்த வைக்கும் ஜெலட்டின் பஞ்சு பன்றித் தோலிலிருந்து வருவது, நீக்கினோம். கேட்கட் தையல் நூல் ஆட்டு அல்லது மாட்டுக் குடலின் சவ்வு; அதற்குப் பதில் தானாகக் கரையும் செயற்கை நூல். ஆன்டிபயாட்டிக்கைக்கூட ஜெலட்டின் கூடு இல்லாத மாத்திரையாகவே எழுதினேன். நாகூர், கூத்தாநல்லூர் பக்கமிருந்து வருகிறவர்களிடம் பன்றிக் கொலாஜனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒரே தாளில் தமிழில் அச்சடித்து, பொருளின் பெயர், எதிலிருந்து செய்தது, மாற்று என்ன என்று மூன்று வரிசையாக இப்போது கொடுக்கிறோம்.

ஜன்னலை மூடவும் சவ்வு கிழிந்தால் ஒட்டவும் அவருடைய ரத்தத்திலிருந்தே எடுக்கும் பி.ஆர்.எஃப். சவ்வைப் பயன்படுத்துவது என்று தீர்மானித்தோம். பிரான்ஸில் ஷுக்ரூன் 2001-ல் அறிமுகப்படுத்திய முறை இது. எந்த மருந்தும் சேர்க்காமல் குழாயில் ரத்தம் எடுத்து உடனே சுழற்றினால், சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மேலே தெளிந்த நீர், நடுவில் மஞ்சளாக நார்க்கட்டி. அதை அழுத்தினால் சவ்வு. எலும்பு வளர்ச்சியை இது பெரிய அளவில் வேகப்படுத்துகிறது என்று நான் சொல்லமாட்டேன். மென்திசு ஆறுவதற்கு நல்லது, துகளோடு கலந்தால் ஒன்றாகப் பிடித்து நிற்கும், முக்கியமாக அது அவருடையது.

அறுவை

ஆடி முதல் வாரம். மின்வாரியத்தின் மாதாந்தரப் பராமரிப்பு நாள் இல்லாததாகப் பார்த்து வைத்தோம். ரத்தம் எடுத்தவுடன் சுழல வேண்டிய கருவி நடுவில் நின்றால் உறைந்துவிடும், அந்தக் குழாய்கள் வீண். எலும்பை அதிர்வால் வெட்டும் பீசோ கருவிக்கும் மின்சாரம் வேண்டும். யு.பி.எஸ். இருந்தாலும் நாளைத் தள்ளி வைப்பது நிம்மதி.

2 சதவீத லிக்னோகெய்னும் அட்ரினலினும் சேர்ந்த மரப்பு ஊசி. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. அதற்கு முன் நான்கு குழாய் ரத்தம் எடுத்து நிமிடத்துக்கு 2700 சுழற்சி வீதம் 12 நிமிடம் சுற்றவிட்டோம். எலும்பு விளிம்பின் மேல் கீறி, முன்பக்கம் ஒரு செங்குத்து வெட்டு போட்டு ஈறைத் தூக்கினோம்.

முதலில் வெளிச்சுவரில் சுரண்டியால் எலும்பைச் சுரண்டிச் சேர்த்தோம். சுருள் சுருளாக, ரத்தத்தில் நனைந்து, சுமார் கால் மி.லி. கிடைத்தது. பிறகு பீசோ முனையால் 10-க்கு 7 மி.மீ. அளவில் நீள்வட்ட ஜன்னல், கீழ்விளிம்பு சைனஸ் தரைக்கு 3 மி.மீ. மேலே. பீசோவின் அதிர்வு எலும்பை வெட்டும், மென்திசுவை அவ்வளவாகத் தொடாது. எலும்பு மெலிந்து வரும்போது வெள்ளைக்குப் பின்னால் நீலச்சாம்பல் நிறம் தெரிய ஆரம்பிக்கும். அங்கே கையை லேசாக்க வேண்டும்.

ஜன்னல் விடுபட்டதும் சவ்வு தெரிந்தது. முட்டையின் ஓட்டை உரித்தால் உள்ளே ஒட்டியிருக்கும் தோல் போல, அவ்வளவு மெல்லியது. அவர் மூச்சை இழுக்கும்போது மேலே எழும்பி, விடும்போது இறங்கியது. இந்த அசைவைப் பார்த்தால் சவ்வு முழுதாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வளைந்த மழுங்கல் கருவியால் எலும்பை விட்டு விலகாமல் தரையில் ஆரம்பித்து, முன்சுவர், பிறகு உட்சுவர் என்று பிரித்தோம். உட்சுவர் வரை தூக்காவிட்டால் இம்ப்ளாண்டின் ஒரு பக்கம் காற்றில் நிற்கும்.

தடுப்பெலும்பின் உச்சியில் சவ்வு 2 மி.மீ. அளவுக்குக் கிழிந்தது. அசைவு குறைந்ததிலிருந்தே தெரிந்துவிட்டது. சைனஸ் லிஃப்ட்டில் அதிகம் வரும் சிக்கல் இதுதான். தடுப்பெலும்பு உள்ள சைனஸில் எதிர்பார்த்தே இறங்க வேண்டும். சுற்றியுள்ள சவ்வை இரண்டு பக்கமும் மேலும் தளர்த்தினோம். இழுவிசை குறைந்ததும் கிழிசலின் ஓரங்கள் தாமாக ஒன்றன்மேல் ஒன்று மடிந்தன. அதன்மேல் பி.ஆர்.எஃப். சவ்வு இரண்டு அடுக்கு. மெதுவாக மூச்சு விடச் சொன்னபோது மறுபடி அசைவு வந்தது. 5 மி.மீ.க்குள் இருந்தால் இப்படி மூடித் தொடரலாம். 10 மி.மீ. தாண்டியிருந்தால் மூடித் தைத்துவிட்டு, சில மாதம் கழித்து மறுபடி திறப்பேன்; கிழிந்த சவ்வுக்குப் பின்னால் துகளைத் திணித்தால் அது சைனஸுக்குள் போய், துவாரத்தை அடைத்து, சீழ் பிடிக்கும்.

துகளின் அளவு 0.5 முதல் 1 மி.மீ. அதை இரண்டு மி.லி., சுரண்டிய எலும்போடும் நறுக்கிய பி.ஆர்.எஃப். கட்டியோடும் கலந்து, முதலில் உட்சுவர்ப் பக்கம், பிறகு முன்னால், கடைசியில் நடுவே வைத்தோம். இறுக்கி அமுக்கக் கூடாது. துகள்களுக்கு நடுவே ரத்தம் தேங்கி நிற்க இடம் வேண்டும், புதுக் குழாய்கள் அந்த வழியாகத்தான் நுழையும். ஜன்னல்மேல் மீதி பி.ஆர்.எஃப். சவ்வு. இழுவிசை இல்லாமல் தையல்.

ஆடி, ஆவணி, புரட்டாசி

ஊதும்போது என்ன நடக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பாடங்களில் "மூக்கைச் சீந்தாதீர்கள், ஸ்டிராவில் உறிஞ்சாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்" என்று இருக்கும். காற்று வாத்தியக்காரருக்கு அது மட்டும் போதாது. வாசிக்கும்போது மேல்வாயின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணம் எழும்பி மூக்கு வழியை அடைத்துக்கொள்கிறது, ஆகவே சைனஸுக்கு நேராக அழுத்தம் போகாது என்று ஒரு வாதம் உண்டு. அடைப்பு சரியாக இருக்கும்வரை அது சரிதான். மணிக்கணக்கில் வாசித்து அண்ணம் களைத்தால் மூக்கில் காற்று கசியும். அவரே அதை உணர்ந்திருக்கிறார். அதைவிட முக்கியம், நாங்கள் ஜன்னல் வெட்டிய இடம் கன்னத்துக்கு நேர் உள்ளே. கன்னத்தில் தேக்கும் காற்று அந்தத் தையலையும் ஜன்னலையுமே நேராகத் தள்ளும்.

ஆகவே இரண்டு மாதம் நாதஸ்வரத்தைத் தொடக் கூடாது என்றேன். எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு என்று இதற்கு எதுவும் இல்லை. இரண்டு மி.மீ. கிழிசலும் நாங்கள் வைத்த தளர்ந்த துகளும் சேர்ந்ததால் கூட்டியே சொன்னேன். இதற்காகத்தான் ஆடி. ஆடியில் கல்யாணம் இல்லை, புரட்டாசியிலும் பெரும்பாலும் இல்லை. நடுவில் ஆவணி முகூர்த்தங்கள் மட்டும் போகும். அவற்றையும் கோயில் வாசிப்பையும் அண்ணன் மகன் பார்த்துக்கொண்டார்.

ஆடிப்பெருக்கன்று காவிரியில் முழுக்குப் போடலாமா என்று கேட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கக் கூடாது. மூக்கைப் பிடித்து அடக்கும் அந்த ஒரு நொடியில் ஏறும் அழுத்தமே சவ்வைத் தள்ளிவிடும். படித்துறையில் சொம்பால் ஊற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது, கண்ணுக்குக் கீழே கொஞ்சம் நீலம். ஒரு வாரத்தில் வடிந்தது. இரண்டு நாள் மூக்கில் லேசாக ரத்தக் கசிவு. மூக்குச் சொட்டு மருந்து ஐந்து நாள், ஆன்டிபயாட்டிக் ஏழு நாள். துகள் மூக்கு வழியே வரவில்லை, நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை. ஆவணிக் கடைசியில் சீவாளியை மட்டும் எடுத்து மெதுவாக ஊதிப் பார்த்தார். பிறகு கீழ்ஸ்தாயியில் கால் மணி. ஐப்பசி முகூர்த்தத்துக்கு முழுக் கச்சேரி.

இம்ப்ளாண்டும் பல்லும்

மார்கழியிலேயே இம்ப்ளாண்ட் வைத்துவிடலாமா என்று கேட்டார், அந்த மாதமும் கல்யாணம் இல்லாததால். ஐந்து மாதத்தில் இந்தக் கலவையைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்த எலும்பு அதிகம் கலந்திருந்தால் யோசித்திருக்கலாம். செல்கள் சுவரிலிருந்து நடு வரைக்கும் போய்ச் சேர நேரம் வேண்டும். தை முகூர்த்தங்களை முடித்துக்கொண்டு மாசியில் வந்தார், ஏழு மாதம் கழித்து.

ஸ்கேனில் முதல் கடைவாய்ப்பல் இடத்தில் உயரம் 12.1 மி.மீ., இரண்டாவதில் 11.6, சிறு கடைவாய்ப்பல் இடத்தில் 12.8. சைனஸ் தெளிவாக இருந்தது, கிழிசல் விழுந்த இடத்தில் சவ்வு தடிப்பு ஏதும் இல்லை. முதல் கடைவாய்ப்பல் இடத்தில் துளையிடும்போது சாதாரண டிரில்லுக்குப் பதில் குழல் முனையால் மெல்லிய எலும்புத் தண்டு ஒன்றை எடுத்து நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்பினோம். துகள்களைச் சுற்றி நேரடியாகப் புது எலும்பு ஒட்டி வளர்ந்திருக்கிறது, இடையில் நாளங்களுடன் இணைப்புத்திசு, அழற்சி செல்கள் இல்லை என்று அறிக்கை வந்தது. தண்டின் மேல்முனையில், அதாவது பழைய தரையிலிருந்து தூரமான பக்கத்தில், துகள் அதிகமாகவும் எலும்பு குறைவாகவும் இருந்தது. சாரம் மட்டும் வைத்த இடத்தில் எதிர்பார்க்க வேண்டியதே அது.

மூன்று இம்ப்ளாண்டுகள், எல்லாம் 10 மி.மீ. நீளம், கடைவாய்ப்பல் இடங்களில் 4.8 மி.மீ. விட்டம், முன்னதில் 4. துளையைச் சற்றுச் சிறிதாகவே வைத்ததால் 25 முதல் 30 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கம் கிடைத்தது. பல்லை உடனே மாட்டவில்லை. ஈறுக்குள் மூடி வைத்து, அடுத்த ஆடியில் திறந்து, திருகில் பொருத்தும் பல் மூன்றையும் இணைத்துப் போட்டோம். ஊதும் அழுத்தத்தைப் பல் தாங்குவதில்லை. மெல்லும் பாரத்தைத்தான் தாங்குகிறது. ஆனால் கன்னம் சாய்ந்து நிற்க ஒரு சுவர் வேண்டும், ஆகவே கடைவாய்ப்பல்லின் வெளிப்புற வளைவை அவர் வாத்தியத்தோடு வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டிய பிறகே தீர்மானித்தோம். முதலில் செய்த மாதிரிப் பல்லில் வளைவு கூடிப்போய்க் கன்னத்தை உள்ளே கடித்தது. குறைத்தோம். இரண்டாவது மாதிரியைப் போட்டுக்கொண்டு ஒரு தோடியை எடுத்தார், நடுவில் நிறுத்தி, "இப்ப ரெண்டு பக்கமும் சமமா நிக்குது" என்றார்.

பல் பொருத்தி ஒரு வருடம் ஆன எக்ஸ்ரேயில் இம்ப்ளாண்டுகளைச் சுற்றி விளிம்பு எலும்பு 0.5 மி.மீ.க்குள்தான் இறங்கியிருக்கிறது. துகளின் மேல் எல்லை மாறவில்லை. எச்.பி.ஏ.1.சி. 7.2. புகையிலை இல்லை; வெற்றிலை, சீவல் இருக்கிறது. அதையும் விடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பல்லுக்காக மட்டும் அல்ல, வாய்ப் புற்றுக்காகவும்.

இடப்பக்க மேல் கடைவாய்ப்பல் ஒன்று இப்போது வேரில் விரிசல் விட்டிருக்கிறது, எடுத்தாக வேண்டும். இந்த முறை வருடக்கணக்கில் விடப்போவதில்லை. எடுத்த அன்றே அந்தக் குழியில் இதே செயற்கைத் துகளை வைத்து மூடினால், உயரம் இவ்வளவு தூரம் இறங்காமல் தடுத்து, ஜன்னல் வெட்டும் அறுவையையே தவிர்க்க வாய்ப்பிருக்கிறது. மார்கழியில் நாள் குறித்திருக்கிறோம். பொருள் பட்டியல் தாளை அவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.